நிழல் விழாத நாளுக்காக உடுமலைக்குப் போனது

கோயம்புத்தூரில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை விமான நிலைய வாசலில் நின்ற ஆட்டோக்காரரிடமிருந்து. "ஏனுங்க அம்மணி, எங்கீங்க போகோணும்?" என்று கேட்டார். மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்து, "எங்கே?" என்று மலாயில் ஒரே சொல்லில் கேட்பார்கள். அதையும் பாதி நேரம் கேட்க மாட்டார்கள். இவர் பீளமேட்டில் கூப்பிடு தூரத்தில் இருந்த விடுதிக்கு என்னை ஊரெல்லாம் சுற்றிக் கொண்டுபோய் விட்டார். "பையப் பாத்து எறங்குங்க" என்று வேறு சொன்னார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், நன்றிதான் வந்தது.

நான் ஏன் வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கெடாவில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். எங்கள் பக்கத்துப் பள்ளிகள் சிலவும் தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகள் சிலவும் சேர்ந்து அறிவியல் கற்பிக்கும் ஒரு திட்டம் இருக்கிறது. நான் இதுவரை பார்த்த பன்னாட்டு ஒத்துழைப்புகளில் ஒத்துழைத்தவை பெரும்பாலும் சால்வைகள்தான். இதில் மட்டும் இரண்டு ஊருக்கும் உண்மையான வேலை இருந்தது. முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, உச்சிப்பொழுதில் அதன் நிழலை அளக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் அங்கே அளப்பார்கள், உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அரசுப் பள்ளியின் பிள்ளைகள் இங்கே அளப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பூமி வளைந்திருப்பது தெரியும். ஒரு முற்றத்துக் குச்சி மட்டும் இதைச் சொல்லாது.

அந்தப் பள்ளியில் ரோஜா என்று ஒரு ஐந்தாம் வகுப்புப் பெண் இருந்தாள். மாதம் ஒரு முறை தலைமை ஆசிரியையின் கைப்பேசியில் காணொளி வகுப்பு நடக்கும். மற்ற பிள்ளைகள் வெட்கப்பட்டு ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிவார்கள். ரோஜா மட்டும் திரைக்கு மிக அருகில் வந்து, பாதி நேரம் மூக்கு மட்டும் தெரிய, பேசிக்கொண்டே இருப்பாள். பெயிண்ட் டப்பாவில் சிமெண்டைப் போட்டு நட்ட குச்சி அவர்களுடையது. அது சாயாமல் இருக்கிறதா என்று நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு தினமும் பார்ப்பதும், சாய்ந்திருந்தால் டப்பாவின் அடியில் ஓட்டுச் சில்லைச் சொருகுவதும் அவள் வேலை. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

ஒரு வகுப்பில் அவள் கேட்டாள்: "ஏனுங்க டீச்சர், எங்கூருல நிழல் காணாமப் போற அன்னிக்கு உங்கூருலயும் காணாமப் போயிருமுங்களா?"

சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் நாளில் நட்ட குச்சிக்கு நிழல் விழாது. ஆண்டில் இரண்டு நாள் அப்படி வரும், ஊருக்கு ஊர் தேதி மாறும். எனக்குப் பதில் தெரியும். நான் சொல்லவில்லை. "நீ அங்கே பார், நாங்கள் இங்கே பார்க்கிறோம். நீயே கண்டுபிடித்துச் சொல்" என்றேன். அவள் ஊரில் அந்த நாள் ஆவணியில் வருகிறது. அதற்காகத்தான் இந்தப் பயணம். என் மாணவி காவியா ரோஜாவுக்கென்று ஒரு சின்னத் திசைகாட்டியை என்னிடம் கொடுத்திருந்தாள். மூடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு சூரியன் வரைந்திருந்தாள்.

எங்கள் குழுத் தலைவர் சந்திரன் ஐயா, ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர், மறுநாள் வேறு கூட்டம் முடித்து உடுமலைக்குக் காரில் வருவதாக ஏற்பாடு. வந்து இறங்கிய அன்று மாலை நானும் அவரும் பீளமேட்டுச் சாலையோரத்தில் காளான் வண்டி ஒன்றின் முன் நின்றோம். எங்கள் ஊரில் காளான் சூப்பில் மிதக்கும். இங்கே அது மசாலாவில் நசுங்கி, மேலே வெங்காயம் தூவி, சுடச்சுடக் கையில் வருகிறது. பக்கத்தில் பொறியியல் மாணவர்கள் இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐயாவுக்கு மலையாளம் தெரியும், காதில் சொன்னார். "காந்தத்தை நான் முதன்முதலில் கையில் தொட்டதே கல்லூரிக்கு வந்த பிறகுதான். பள்ளியில் கரும்பலகையில் படம் வரைந்து, இதுதான் காந்தம் என்றார்கள்" என்றானாம் ஒருவன். ஐயா அதை உடனே மனப்பாடம் செய்துகொண்டார், மேடைக்கு ஆகும் என்று.

இரண்டாம் நாள் உக்கடத்தில் பேருந்து ஏறினேன். எங்கள் ஊர்ப் பேருந்தில் குளிரும், இங்கே பாட்டுச் சத்தத்தில் காது அடைக்கும். பொள்ளாச்சி தாண்டியதும் இரு பக்கமும் தென்னை. எங்கள் செம்பனைத் தோட்டங்களில் நடந்து நடந்து வெறுத்துப்போன எனக்கு இந்த வரிசைகளும் அதே வரிசைகளாகத்தான் தெரிந்தன. நடுவில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் தென்னை நார் ஏற்றிய லாரி ஒன்று கட்டு அவிழ்ந்து, சாலை முழுக்க நாரைக் கொட்டியிருந்தது. பத்துப் பேர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசியது எனக்குப் புரியாத மொழி. அள்ளியவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள்.

"வடக்கத்தி ஆளுங்க. இவுங்க இல்லீனா இந்தப் பக்கம் ஒரு மட்டையும் உரியாதுங்க" என்றார் நடத்துநர். நான் தலையாட்டிவிட்டு, தூரத்தில் சுற்றிய காற்றாலைகளைப் படம் எடுத்தேன். அந்தப் படம் இப்போதும் என் கைப்பேசியில் இருக்கிறது. ஓரத்தில் நார்க் கட்டைத் தூக்கும் ஒரு சின்னக் கை மட்டும் விழுந்திருக்கிறது.

தலைமை ஆசிரியை கிருஷ்ணவேணி டீச்சரின் வீட்டில்தான் எனக்குத் தங்கல். தோப்புக்கு நடுவில் பெரிய வீடு. டீச்சர் ஒல்லி, ஐம்பதைத் தொடுகிற வயது, நடக்கத் தெரியாதவர், ஓடத்தான் தெரியும். உள்ளே போனதும் சொம்பில் தண்ணீர், பிறகு இளநீர், பிறகு காபி, அதன் பிறகு சந்தகை. இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையில் தேங்காய்ப்பாலை ஊற்றி, சர்க்கரை போட்டு, வேண்டாம் வேண்டாம் என்று நான் இலையை மறைத்த கைக்கு மேலேயே இன்னொரு பிடி வைத்தார்.

"ஒறம்பரை வந்தா இப்பிடித்தானுங்க டீச்சர். கொஞ்சமா சாப்பிட்டா எங்களுக்குத்தான் கெட்ட பேரு." விருந்தாளிக்கு இங்கே ஒறம்பரை என்று பெயர். அந்த வீட்டில் அதுவே எனக்கும் பெயராகிவிட்டது.

பள்ளியை இன்றே பார்க்கலாமா என்றேன். "நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்று ரசம் ஊற்றினார். ரோஜா எப்படி இருக்கிறாள் என்றேன். "இருக்கறாளுங்க" என்று மோர் ஊற்றினார். அந்த வீட்டில் கேள்விகளுக்குக் கரண்டிதான் பதில் சொல்லும் என்பது இரண்டு வேளைச் சாப்பாட்டில் புரிந்தது.

மூன்றாம் நாள் பள்ளியில் வரவேற்பு. இரண்டு வகுப்பறை, ஒரு வேப்பமரம், முற்றம். வாசலில் கோலம், வாழைக்கன்று, எங்கள் கொடியும் அவர்கள் கொடியும். பிள்ளைகள் இஸ்திரி போட்ட சீருடையில் வரிசையாக நின்று கை தட்டினார்கள். சந்திரன் ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பெண் பூமியின் சுழற்சியைப் பற்றி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். "தமிழில்! அறிவியல்! தமிழில்!" என்று ஐயா என் காதில் சொன்னார். மேடைக்கு முன்னால் நிழல் குச்சியை நிறுத்தியிருந்தார்கள். டப்பாவுக்கு நீல வண்ணம் அடித்து, சுற்றிச் செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள்.

அப்போது ஒரு சின்னப் பையன் என் புடவையைப் பிடித்து இழுத்தான். "மிஸ், இந்த ஸ்கூல்ல பாத்ரூம் எங்கீங்க?"

ஊர்விட்டு ஊர் வந்த என்னிடம் தன் பள்ளியில் கழிப்பறை எங்கே என்று கேட்கிறான். எனக்கு அப்போதே நெருடியது. ஒப்பித்த பெண்ணைக் கூப்பிட்டு, "இந்த நிழலை அளந்து காட்டு கண்ணு" என்றேன். அவள் நாடாவை வாங்கி, குச்சியின் அடியிலிருந்து அளக்காமல், டப்பாவின் விளிம்பிலிருந்து அளந்தாள். நாலு மாதம் அளந்த கை அப்படி அளக்காது. மத்தியானம் சத்துணவு ஆயா அண்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் எல்லோரும் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தார்கள். மூடிகளில் ஏதோ ஒரு ஆங்கிலப் பள்ளியின் பெயர் ஒட்டியிருந்தது.

"ரோஜா எங்கே?" என்று கிருஷ்ணவேணி டீச்சரிடம் கேட்டேன்.

"காச்சலுங்க."

"இந்தப் பிள்ளைகள் யார்?"

அவர் முகம் சிறுத்துவிட்டது. "சாப்பிட்டுட்டுப் பேசலாமுங்க டீச்சர்" என்றார். அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும். அவர் நான் முடிக்கும் வரை காத்திருந்தார். சாப்பிடும் ஒறம்பரையிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாதாம்.

கை கழுவிய பிறகு சொன்னார். ஊரில் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளி வேனில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். மற்றவர்களும் கடன் வாங்கியாவது அதையே செய்கிறார்கள். மிஞ்சிய நாலைந்து பிள்ளைகளை வைத்துப் பள்ளி நடத்த முடியாது, மூடிவிடுவார்கள். டீச்சர் பக்கத்து நார் மில்லுக்குப் போய், வடக்கிலிருந்து வந்த குடும்பங்களிடம் கெஞ்சி, களத்தில் நார் உலர்த்திக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அப்படி ஆண்டுதோறும் போகிறார். பள்ளி பிழைத்திருப்பதே அந்தப் பிள்ளைகளால்தான். ரோஜாவும் அப்படி வந்தவள். ஒடிசாக்காரப் பெண், முழுப்பெயர் ரோஜாலின். ஒன்றாம் வகுப்பில் வரும்போது அவளுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது.

"அவளை ஏன் மறைத்தீர்கள்?"

"உங்க ஐயா போன்ல அத்தன ஆசையாச் சொன்னாருங்களே, நம்ம தமிழ்ப் பிள்ளைங்க தமிழ்ல அறிவியல் பேசறதக் கண்ணாரப் பாக்கோணும்னு. கடல் தாண்டி வந்த ஒறம்பரை, இங்க வந்து வடக்கத்திப் பிள்ளைங்களப் பாத்தா மனசு பொக்குனு போயிருமேன்னு நெனச்சேனுங்க. திட்டத்துல இருந்து எங்க பள்ளிக்கூடத்த எடுத்துப்போட்டீங்கன்னா, அடுத்த வருசம் இத இழுத்து மூடிப்போடுவாங்க. அதுங்காட்டி சொந்தக்காரங்க பிள்ளைங்கள ரெண்டு நாளைக்குக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். மில்லுப் பிள்ளைங்களுக்கு ஒரு வாரம் லீவு சொல்லிப்போட்டேனுங்க."

சந்திரன் ஐயா பக்கத்தில்தான் இருந்தார். "நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லையே" என்றார். கொஞ்சம் கழித்து, "எப்படியோ, நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. என் அப்பா தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடுகளில் பிறந்தவர். கங்காணி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களைக் கிளப்பும்போதெல்லாம் அவருக்குப் பள்ளி மாறியது. மூன்றாம் வகுப்பை மூன்று தோட்டத்தில் தொடங்கினார், எங்கேயும் முடிக்கவில்லை. அவர் மகள் விமானத்தில் வந்து இறங்குகிறாள் என்று, அதே மாதிரி ஒரு பிள்ளையைப் பள்ளியைவிட்டுக் களத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். என்னை உபசரிப்பதற்காக!

"நாளைக்குத்தான் நிழல் மறையும் நாள். அந்தக் குச்சிக்குப் பக்கத்தில் ரோஜா நிற்க வேண்டும். காலையில் நானே வந்து கூட்டி வருகிறேன்" என்றேன்.

கிருஷ்ணவேணி டீச்சரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பாரத்தை இறக்கி வைத்தவர் போல, "கூட்டிட்டு வந்துரலாமுங்க! ரோஜாவுக்கு உங்களப் பாக்கோணும்னு உசுரு" என்றார். உடனே, என் எதிரிலேயே, நார் மில் முதலாளியைக் கைப்பேசியில் அழைத்தார். அவர் தூரத்து அண்ணன் முறை.

"அண்ணா, நாளைக்குக் காலைல ஒறம்பரை வாராங்க. மலேசியாவுல இருந்துங்க. ஆமாங்க, வாத்தியாருங்கதான். மில்லுல இருக்கற ரோஜாப் புள்ளையப் பாக்கோணுமாமா. சித்த எல்லாம் கூட்டித் தொடச்சு வெச்சிருங்கண்ணா."

சொல்லாமல் ஒருவர் இடத்துக்குப் போகக் கூடாது, போகிற இடத்தில் அவர்களுக்குச் சங்கடம். அவர்கள் வழக்கம் அது. நான் காபியைக் குடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு பாங்கான மனுஷி என்றுகூட நினைத்தேன்.

நான்காம் நாள் காலை மறுபடியும் சந்தகை. "ஒரு வாய் சாப்பிட்டுப் போட்டுப் போலாமுங்க." நேரமாகிறது என்று நின்றபடி விழுங்கினேன். டீச்சரின் ஸ்கூட்டர் மூன்று முறை இருமிவிட்டுக் கிளம்பியது. ஆவணிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து அடித்துக்கொண்டு வந்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளியது. ஒரு திருப்பத்தில் சாலையை விட்டு இறங்கி வாய்க்கால் மேட்டில் சாய்ந்தோம். அடி இல்லை, புடவையெல்லாம் செம்மண். "வலிக்குதுங்களா, வலிக்குதுங்களா" என்று அவர் என் முழங்காலைத் தடவினார். அவருக்கு முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது.

நார் மில் வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. களம் கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. நாற்காலிகள், முக்காலியில் தட்டு நிறைய முறுக்கு, சீவி வைத்த இளநீர். முதலாளி வெள்ளை வேட்டியில் கும்பிட்டபடி வந்தார். சாதுவான முகம்.

"ரோஜா எங்கேங்க?" என்றேன்.

"மொதல்ல எளநீ குடிங்க."

"ரோஜா எங்கே?"

"இங்க பிள்ளைங்களே இல்லீங்களே" என்றார், என்னைப் பார்க்காமல், மிக மரியாதையாக.

நான் அவரைத் தாண்டிப் பின்பக்கம் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வரிசை அறைகள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, லயம். பல அறைகள் காலியாகத் திறந்து கிடந்தன. நார் கொட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். ரோஜாவின் அம்மாவுக்கு அக்காள் முறையாம். ஒடியாவும் உடைந்த தமிழுமாக அவள் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்: "பொழுது விடிந்ததும் வேன் வந்தது. பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாம் ஏறுங்கள் என்றார் மேஸ்திரி. கர்நாடகமாம். அங்கேயும் நார் மில்தானாம். ஊர்ப் பெயர் சொல்லவில்லை. இனி அங்கேதான். ரோஜா ஏறவில்லை. மத்தியானம் வரைக்கும் வண்டியை நிறுத்துங்கள் என்றாள். மத்தியானம் என்ன இருக்கிறது என்று மேஸ்திரி கேட்டார். அவள் சொன்னது யாருக்கும் புரியவில்லை. தூக்கி ஏற்றினார்கள்."

எனக்குப் பின்னால் கிருஷ்ணவேணி டீச்சர் வந்து நின்றிருந்தார். அவருக்கு என்னைவிட நன்றாகப் புரிந்திருக்கிறது. திரும்பி முதலாளியிடம் போனார். "ஏனுங்கண்ணா இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க?"

"நீதானம்மணி போன் பண்ணிச் சொன்ன, வெளிநாட்டுக்காரங்க வந்து பாக்கறாங்கன்னு. ஒரு வாரமாப் பள்ளிக்கூடமும் இல்லீன்னு பிள்ளைங்க பூராக் களத்துல நாரு காயப்போட்டுட்டு நின்னுதுங்க. அதப் போட்டோ புடிச்சு எங்காச்சும் போட்டாங்கன்னா எம் பொழப்பு என்னாகறது? நீ சொன்னதும் நல்லதாப் போச்சு. இல்லீனா மாட்டியிருப்பேன்."

அவர் எங்கள் மேல் கோபமே படவில்லை. கிளம்பும்போது முறுக்கை ஒரு பையில் போட்டு ஸ்கூட்டரில் மாட்டிவிட்டார். மேஸ்திரியின் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. டீச்சர் வழி முழுக்க வண்டியை நிறுத்தி நிறுத்தி அழைத்துப் பார்த்தார். அன்று முழுக்க அது அணைந்தே இருந்தது.

பள்ளிக்குத் திரும்பும்போது உச்சி நெருங்கிவிட்டது. காலையெல்லாம் மூட்டமாக இருந்த வானம் அந்த நேரம் பார்த்துத் திறந்துகொண்டது. டிபன் பாக்ஸ் பிள்ளைகள் குச்சியைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். சந்திரன் ஐயா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையை உயர்த்தினார். "மறைந்துவிட்டது! நிழல் மறைந்துவிட்டது! எல்லோரும் கை தட்டுங்கள்!" பிள்ளைகள் தட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள்.

நிழல் மறையவில்லை. குச்சியின் ஒரு பக்கம் விரல் தடிமனுக்கு ஒரு கோடு கிடந்தது. வண்ணம் அடிக்கவும் மேடைக்கும் டப்பாவைத் தூக்கியதில் அடியில் இருந்த ஓட்டுச் சில்லுகள் போய்விட்டன. குச்சி சாய்ந்திருந்தது. நூலைத் தொங்கவிட்டுப் பார்க்கிற பிள்ளை ஒரு வாரமாக அங்கே இல்லை. நான் மண்டியிட்டு, மாலையைப் பிய்த்தெறிந்து, டப்பாவைத் தூக்கிக் கல்லைக் கொடுத்து நிமிர்த்தப் பார்த்தேன். "டீச்சர், என்ன செய்கிறீர்கள், எல்லோரும் பார்க்கிறார்கள்" என்றார் ஐயா. நான் அதை நேராக்குவதற்குள் சூரியன் மேற்கே நகர்ந்து, நிழல் மறுபக்கம் விழ ஆரம்பித்துவிட்டது.

ஐயா மாலைக் கூட்டத்தில் காந்தத்தைப் பற்றிப் பேசினார். கை தட்டல் பலமாக இருந்தது.

கிளம்பும்போது கிருஷ்ணவேணி டீச்சர் என் பெட்டியில் தேங்காய் எண்ணெயும், கடலை மிட்டாயும், சென்னிமலைப் போர்வை ஒன்றும் திணித்தார். பேருந்து நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் கெட்டவ இல்லீங்க டீச்சர்."

எனக்குத் தெரியும். கெட்டவராக இருந்தால் என்னால் நன்றாகத் திட்டியிருக்க முடியும். ரோஜாவை முதலில் களத்திலிருந்து கூட்டி வந்தது இந்தக் கைதான். அதன் பிடியிலிருந்து என் கையை விடுவித்துக்கொண்டு, காவியாவின் திசைகாட்டியை அதில் வைத்தேன். "அவள் எப்போதாவது வந்தால் கொடுங்கள்" என்றேன். ஆறுதலாக வேறு எதுவும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மில் முதலாளியிடம் ஒரு சொல் சொல்லாமல் இருந்திருந்தால், அல்லது நான் அவளைப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால், அந்த வாரம் முடிந்து ரோஜா தானாகவே பள்ளிக்கு வந்திருப்பாள். பேருந்தில் பொள்ளாச்சி வரை இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் பிள்ளைகளிடம் ரோஜா வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். முதல் நாள் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து எங்கள் முற்றத்தில் நிழல் மறையும் நாள் வந்தது. சூரியன் தெற்கே இறங்கும் காலம், வடக்கே உள்ள ஊருக்கு முதலிலும் எங்களுக்குப் பிறகும் அந்த நாள் வரும். ரோஜா கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். உடுமலைக்குக் காணொளி இணைப்புப் போட்டோம். எங்கள் குச்சி நேராக நின்றது. நிழல் சுருங்கிச் சுருங்கி, குச்சியின் காலடிக்குள் போய் இல்லாமல் போனது. பிள்ளைகள் கத்தினார்கள்.

திரையில் ஒரு பெண் முன்னால் வந்தாள். இரட்டைச் சடை, ரோஜா பின்னுவது போலவே. கையில் சிவப்புச் சூரியன் வரைந்த திசைகாட்டி. "ஏனுங்க டீச்சர், உங்கூருலயும் நிழல் காணாமப் போயிருச்சுங்களா?" என்று ஒப்பித்தாள். அவளுக்குப் பின்னால் கிருஷ்ணவேணி டீச்சரின் முகம் தெரிந்தது. மலேசியப் பிள்ளைகளின் மனம் பொக்கென்று போகக் கூடாதே என்று, கெஞ்சலாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இது ரோஜா இல்லையே" என்றாள் காவியா.

"இல்லை" என்றேன். "ரோஜாவைக் கர்நாடகத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று நமக்குத் தெரியாது."

"எப்போ போனா?"

"நிழல் மறையும் நாள் காலையில். மத்தியானத்துக்கு முன்னால்."

காவியா சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். "கர்நாடகம் உடுமலைக்கு வடக்கயா தெற்கயா டீச்சர்?"

"வடக்கு."

"அப்போ அங்கே நிழல் மறைஞ்ச நாள் முன்னமே முடிஞ்சிருக்கும். அவ போய்ச் சேர்றதுக்கு முன்னாலயே." விரலை வரைபடத்தில் உடுமலையிலிருந்து மேலே நகர்த்தினாள். "இந்தத் தடவை அவளுக்கு அங்கயும் இல்லை, இங்கயும் இல்லை."

சரியான விடை. இத்தனை ஆண்டுகளில் என் வகுப்பில் ஒரு பிள்ளை தானாகச் சொன்ன விடைகளில் இதைவிடச் சரியானது எனக்கு நினைவில்லை. சரியான விடைக்கு நான் எப்போதும் சபாஷ் சொல்வேன்.

திரையில் உடுமலைப் பிள்ளைகள், சொல்லிக்கொடுத்திருந்தபடி, கை தட்டினார்கள்.